தோட்டப்புற ஊரில் ரோடும் நடைபாதையும்: அளந்து, கேட்டு, செய்து வாங்குவது எப்படி?

தீபகற்ப மலேசியாவில் வருஷம் முழுக்க ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. 1982 ஜனவரி 1-ஆம் தேதி நாட்டின் கடிகாரத்தை அரை மணி நேரம் முன்னே தள்ளியதால் வந்தது இது. பெரட்டுக்கு, அதாவது அதிகாலை வேலைப் பிரிப்புக்கு, கிளம்பும் செம்பனைத் தொழிலாளியும், ஏழரை மணிப் பள்ளிக்கு நடந்தோ சைக்கிளிலோ போகும் பிள்ளையும் நல்ல இருட்டில்தான் ரோட்டில் இறங்குகிறார்கள். பேக்டரி பஸ், குலை ஏற்றப் போகும் லோரி, வேலைக்கு விரையும் மோட்டார்சைக்கிள் எல்லாம் அதே நேரத்தில் அதே ரோட்டில் ஓடுகின்றன. நாட்டின் சாலை மரணங்களில் பாதிக்கு மேல் மோட்டார்சைக்கிளில் போனவர்களுடையவை. தோட்டப்புற ஊரில் மோட்டார் இல்லாத வீட்டைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

ரோடு சரியில்லை என்பது ஊரில் எல்லாருக்கும் தெரியும். "எங்கள் வட்டார ரோடு ஆபத்தாக உள்ளது, தக்க நடவடிக்கை எடுக்கவும்" என்று எழுதினால் அந்தக் கடிதம் ஃபைலைத் தாண்டாது. அதைப் படிக்கும் இன்ஜினியருக்கு எந்த இடம், என்ன பிரச்சனை, என்ன செலவு என்று ஒன்றும் தெரியாது. ரோடு யாருடையது, எந்த மின்கம்பத்துக்கு எதிரில், வண்டிகள் என்ன வேகத்தில் வருகின்றன, எத்தனை பேர் கடக்கிறார்கள் என்ற நான்கையும் எழுதிக் கொடுங்கள். அதே மேசையில் அது வேலைப் பட்டியலுக்குப் போகும். அந்த நான்கையும் சேகரிக்க ஒரு வாரம் போதும். செலவு என்று பார்த்தால் ஒரு அளவு டேப்பும் ஃபோட்டோஸ்டாட் காசும்தான்.

முதல் வேலை: ரோடு யாருடையது?

சுங்கை சிப்புட்டை எடுத்துக்கொள்வோம். ஊர் நடுவே போவது கூட்டரசு சாலை 1. அதில் ஒரு வெள்ளைக் கோடு போடுவதென்றாலும் பொதுப்பணி இலாகா, அதாவது ஜே.கே.ஆர்., சம்மதிக்க வேண்டும். தாமான் (குடியிருப்பு) ரோடுகளும் கடைத்தெருச் சந்துகளும் குவாலா கங்சார் நகராண்மைக் கழகத்தின் பொறுப்பு. ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் ரோடு கம்பெனியுடையது. ஒரு பிள்ளை லயத்திலிருந்து (தொழிலாளர் வரிசை வீடுகள்) பள்ளிக்கு நடக்கும் இரண்டு கிலோமீட்டரில் இந்த மூன்று பேர் ரோடும் வந்துவிடும். கடிதம் தப்பான இடத்துக்குப் போனால், "இது எங்கள் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல" என்ற ஒரு வரிப் பதிலுக்கே சில மாதம் போய்விடும்.

கண்டுபிடிக்கும் வழி சுலபம். ரோட்டோரக் கிலோமீட்டர் கல்லிலோ வழிகாட்டிப் பலகையிலோ வெறும் எண் இருந்தால் கூட்டரசு சாலை. எண்ணுக்கு முன்னால் எழுத்து இருந்தால் மாநிலச் சாலை: பேராக்கில் 'ஏ', சிலாங்கூரில் 'பி', ஜொகூரில் 'ஜே', கெடாவில் 'கே', நெகிரி செம்பிலானில் 'என்'. மாநிலச் சாலையையும் மாவட்ட ஜே.கே.ஆர்.தான் பார்க்கும். கல்லோ எண்ணோ இல்லாமல் 'ஜாலான்' பெயர்ப்பலகை மட்டும் இருந்தால் பெரும்பாலும் ஊராட்சி மன்ற ரோடு. 'ஜாலான் பெர்செண்டிரியான்' என்ற பலகையோ தடுப்புக் கம்பமோ இருந்தால் தனியார் ரோடு.

சிக்கல் வருவது இரண்டு இடத்தில். தோட்டத்தை விற்று எழுப்பிய புது தாமான்களில், மேம்பாட்டு நிறுவனம் ரோட்டை ஊராட்சி மன்றத்திடம் முறைப்படி ஒப்படைக்காமல் இருக்கலாம். அதுவரை குழியை அடைப்பதும் விளக்கைப் பார்ப்பதும் நிறுவனத்தின் கடமை. ஒப்படைத்தாகிவிட்டதா என்று மன்றத்தின் பொறியியல் பிரிவு கவுன்டரில் கேளுங்கள், சொல்வார்கள். இன்னொன்று, லயத்து ஆட்கள் நாற்பது ஐம்பது வருஷமாகப் புழங்கும் பழைய தோட்ட ரோடு. ஊரே பயன்படுத்துவதால் அது பொது ரோடு ஆகிவிடாது. மாநில, ஊராட்சி ரோடுகளின் பராமரிப்புக்கு மத்திய அரசு கொடுக்கும் மானியம் 'மாரிஸ்' என்ற பதிவேட்டில் உள்ள ரோடுகளுக்குத்தான் போகும். உங்கள் ரோடு அதில் இருக்கிறதா என்று கேட்டு, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். இல்லையென்றால் முதல் கோரிக்கை தார் வேண்டும் என்பதாக இருக்கக்கூடாது. ரோட்டைப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பதாக இருக்க வேண்டும்.

நடந்து பார்ப்பது

ஐந்தாறு பேர் போதும், ஆனால் சரியான ஐந்தாறு பேர். கைத்தடியோடு நடக்கும் ஒரு பாட்டி, பள்ளிப் பிள்ளை ஒன்று அதன் தாயாரோடு, தினமும் மோட்டாரில் போகும் ஓர் இளைஞர், விடிகாலை வேலைக்குப் போகும் ஒருவர், சக்கர நாற்காலியில் இருப்பவர் ஊரில் இருந்தால் அவர். ஆண்கள் மட்டும் காரில் சுற்றிப் பார்த்து எழுதும் அறிக்கையில் குழிகள் மட்டும்தான் இருக்கும். இருட்டுச் சந்து, உயரமான படி, மூடியில்லாத லோங்காங் (வடிகால்) எதுவும் அதில் வராது.

மூன்று முறை நடக்க வேண்டும்: காலை 6.30-க்கு, மழை பெய்துகொண்டிருக்கும்போதோ விட்ட உடனேயோ, இரவு 8 மணிக்கு மேல். மழை நடை முக்கியம். எந்தக் குழியில் தண்ணீர் நின்று ஆழம் மறைகிறது, எந்த இடத்தில் லோங்காங் நிரம்பி ரோட்டுக்கும் அதற்கும் எல்லை தெரியாமல் போகிறது என்பதெல்லாம் வெயிலில் தெரியாது.

கையில் 5 மீட்டர் டேப், 50 மீட்டர் துணி டேப் அல்லது முன்னமே அளந்து முடிச்சிட்ட கயிறு, டார்ச், ஃபோன், பிரதிபலிப்பு மேலங்கி. படம் எடுக்கும்போது அளவு டேப்பை விரித்து வைத்து எடுங்கள். குழி 40 செ.மீ. அகலம், 9 செ.மீ. ஆழம் என்று படத்திலேயே தெரிய வேண்டும். ஒவ்வோர் இடத்துக்கும் அருகில் உள்ள மின்கம்பத்தின் எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். "மாரியம்மன் கோயில் வளைவு" என்றால் ஊருக்குத்தான் புரியும். வேலைக்கு வரும் குத்தகைக்காரருக்குக் கம்ப எண்தான் முகவரி.

தப்பிய விபத்துகளையும் எழுதுங்கள். போலீஸ் பதிவில் இருப்பது ரிப்போர்ட் செய்த விபத்து மட்டும். மோட்டார் சறுக்கி முழங்கால் தேய்ந்து வீட்டுக்கு வந்தவர் யாரும் ஸ்டேஷனுக்குப் போவதில்லை. கடைசி ஓராண்டில் எந்த இடத்தில், எந்த நேரத்தில், மழையா இருட்டா, எப்படி விழுந்தார்கள் என்று வீடு வீடாகக் கேட்டால் இரண்டு மூன்று இடங்கள் திரும்பத் திரும்ப வரும். உங்கள் கோரிக்கை அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

வேகத்தை அளப்பது

"வண்டிகள் பறக்கின்றன" என்பது கருத்து. கடிதத்துக்கு எண் வேண்டும். ரோட்டோரத்தில் 50 மீட்டர் அளந்து இரு முனையிலும் அடையாளம் வையுங்கள். மின்கம்பம், மரம் எதுவானாலும் சரி. வண்டியின் முன்சக்கரம் முதல் அடையாளத்தைத் தொடும்போது ஃபோன் ஸ்டாப்வாட்சை அழுத்தி, இரண்டாவதைத் தொடும்போது நிறுத்துங்கள். 180-ஐ அந்த நொடியால் வகுத்தால் மணிக்கு எத்தனை கிலோமீட்டர் என்று வரும்.

6 நொடி என்றால் 30 கி.மீ.
4.5 நொடி என்றால் 40.
3.6 நொடி என்றால் 50.
3 நொடி என்றால் 60.

விரல் தாமதத்தால் 0.2 நொடி முன்பின் ஆவது சகஜம். 60 கி.மீ. வேகத்தில் அது ஏறக்குறைய 4 கி.மீ. பிழையாகிவிடும். ஆகவே வண்டிகள் வேகமாகப் போகும் நேர் ரோட்டில் 100 மீட்டர் அளந்துகொண்டு 360-ஐ வகுங்கள். ரோட்டை விட்டுத் தள்ளி, முடிந்தால் மரத்தடியில், ஓட்டுநர் கண்ணில் படாமல் நில்லுங்கள். மேலங்கியோடு முன்னால் நின்றால் எல்லாரும் மெதுவாகப் போவார்கள், அளவு கெட்டுவிடும். மேலங்கி ரோட்டைக் கடக்கும்போது போட்டுக்கொள்ள.

100 வண்டி அளந்து, மெதுவானதிலிருந்து வேகமானது வரை வரிசைப்படுத்துங்கள். 85-ஆவது வண்டியின் வேகம்தான் இன்ஜினியர்கள் பார்க்கும் எண். சராசரியைக் கொடுத்தால் அடுத்த கேள்வியே "85 சதவீத வேகம் என்ன?" என்பதாகத்தான் இருக்கும். மோட்டார், கார், லோரி மூன்றையும் தனித்தனிப் பத்தியில் எழுதுங்கள். லோரி 50-இல் வருவதும் மைவி கார் 50-இல் வருவதும் ஒன்றல்ல.

கடக்கும் இடம்

ஊர்க் கோரிக்கைகளில் அதிகம் தப்பாகப் போவது இதுதான். பள்ளி வாசலுக்கு நேரெதிரே ஜீப்ரா கோடு கேட்பார்கள். அது சரியான இடமா என்று முதலில் கணக்குப் போட வேண்டும்.

இரு வழி ரோட்டின் அகலம் 7 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சிறு பிள்ளையும் வயதானவரும் நொடிக்கு ஏறக்குறைய 1 மீட்டர் நடப்பார்கள். கடக்க 7 நொடி. மணிக்கு 70 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி நொடிக்கு 19.4 மீட்டர் போகும், 7 நொடியில் 136 மீட்டர். அப்படியானால் அந்த இடத்தில் நின்று பார்த்தால் இரு பக்கமும் 136 மீட்டராவது தெரிய வேண்டும். 80 மீட்டரில் வளைவோ செம்பனை மறைப்போ இருந்தால், பிள்ளை பார்க்கும்போது காலியாக இருந்த ரோட்டில் பாதி கடப்பதற்குள் லோரி வந்து நிற்கும். அங்கே கோடு போட்டால் ஆபத்து கூடும். கோட்டை நம்பிப் பிள்ளை இறங்கும். ஓட்டுநருக்கோ கோடே தெரியாது.

தீர்வு மூன்று. கடக்கும் இடத்தைப் பார்வை நீளமாக உள்ள இடத்துக்கு நகர்த்தலாம். நடுவில் ஒதுங்கி நிற்க ஒரு மேடைத்தீவு கேட்கலாம். அப்போது ஒரு தடவைக்கு 3.5 மீட்டர்தான் கடக்க வேண்டும், தேவைப்படும் பார்வைத் தூரமும் பாதியாகிவிடும். அல்லது வேகத்தைக் குறைக்கலாம். 30 கி.மீ. வேகத்தில் வரும் வண்டி அந்த 7 நொடியில் 58 மீட்டர்தான் போகும்.

பார்வைத் தூரத்தைப் பிள்ளையின் கண் உயரத்தில் பாருங்கள். பெரியவர் குந்தி உட்கார்ந்து, தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் கண்ணை வைத்துப் பார்த்தால் நிலைமை மாறிவிடும். நிற்கும்போது தெரிந்த ரோடு லாலாங் புல்லுக்கும் நிறுத்திவைத்த வேனுக்கும் பின்னால் மறைந்துவிடும். சந்திப்புகளில் புல்லும் செடியும் முழங்கால் உயரத்தைத் தாண்டக்கூடாது. வாழையும் மரவள்ளியும் மூலையில் நட்டிருந்தால் அந்த வீட்டுக்காரரிடம் நீங்களே பேசிவிடலாம், அதற்குக் கடிதம் வேண்டாம்.

விளக்கும் இடம் பார்த்து வர வேண்டும். கடக்கும் கோட்டுக்கு நேர் மேலே விளக்கு இருந்தால் தலை உச்சியில்தான் வெளிச்சம் விழும், ஓட்டுநருக்கு ஆள் கறுப்பு நிழலாகத் தெரிவார். வண்டி வரும் பக்கமாகக் கோட்டுக்குச் சற்று முன்னால் இருந்தால்தான் ஆளின் முன்பக்கம் வெளிச்சமாகும். இரு திசைக்கும் சேர்த்து இரண்டு விளக்கு. இதை வரைபடத்தில் போட்டுக் கொடுங்கள்.

பொங்கோல் கேட்பவர்களுக்கு

பொங்கோல், அதாவது வேகத்தடை மேடு, வேகத்தைக் குறைக்கும், சந்தேகமே இல்லை. ஆனால் தப்பான அளவில், தப்பான இடத்தில் போட்டால் மோட்டார் ஓட்டியைக் கொல்லும். ஊரார் தாங்களே சிமெண்ட் குழைத்துப் போடும் 30 செ.மீ. அகல முதுகெலும்பு மேடுதான் மிக மோசம். கார் உரசும், மோட்டாரில் பின்னால் உட்கார்ந்தவர் தூக்கி எறியப்படுவார், இரவில் கண்ணுக்கே தெரியாது. 1974-ஆம் ஆண்டு சாலை, வடிகால், கட்டடச் சட்டப்படி (சட்டம் 133) பொது ரோட்டில் அனுமதியின்றித் தடை எழுப்புவது குற்றம். அதில் யாராவது விழுந்தால் போட்டவர் மேல் வழக்கும் வரும். எந்தக் காரணத்துக்காகவும் நீங்களே போடாதீர்கள்.

சரியான வளைவு மேடு வண்டி போகும் திசையில் 3.7 மீட்டர் நீளம், நடுவில் 75 முதல் 100 மி.மீ. உயரம். குடியிருப்பு ரோட்டில் 75 மி.மீ. போதும் என்பதே எங்கள் எண்ணம். பள்ளி முன்னால் என்றால் தட்டையான மேல்பரப்புள்ள மேடையும் அதன் மேல் ஜீப்ரா கோடும் கேளுங்கள். மேடையும் கடக்கும் இடமும் ஒன்றாகிவிடும், பிள்ளை ரோட்டில் இறங்கி ஏறத் தேவையில்லை, ஓட்டுநர் கண்ணுக்கு ஆள் உயரமாகத் தெரிவார்.

போடக்கூடாத இடங்கள்: கூட்டரசு சாலை, பெரிய மாநிலச் சாலை, ஆம்புலன்ஸ் போகும் முதன்மை வழி, வளைவு, செங்குத்து இறக்கம், சந்திப்பு வாய், விளக்கில்லாத இடம். வேகமாக வரும் ரோட்டில் தனியாக ஒரே ஒரு மேடு போட்டால் அதைத் தாண்டியதும் எல்லாரும் முறுக்கி விடுவார்கள். குடியிருப்புக்குள் 80 முதல் 100 மீட்டருக்கு ஒன்று என்று தொடராக இருந்தால்தான் வேகம் சீராக இறங்கும். தண்ணீர் ஓட ஓரத்தில் இடைவெளி விடுவார்கள். அந்த இடைவெளி ஒரு கை அகலத்தைத் தாண்டினால் மோட்டார்கள் அதற்குள் நுழைந்து லோங்காங் ஓரமாகப் பாயும்.

மேடு வந்ததும் சரிபாருங்கள். குறுக்கே கயிறு கட்டி, உச்சியின் உயரத்தை ஓரத் தார் மட்டத்திலிருந்து அளக்கவும். 100 மி.மீ.க்கு மேல் இருந்தால் படத்தோடு உடனே புகார் கொடுங்கள், குத்தகைக்காரர் திருத்திக் கொடுக்க வேண்டும். வெள்ளைக் கோடு கண்ணாடிமணி கலந்த சாலைப் பூச்சாக இருக்கிறதா என்று இரவில் டார்ச் அடித்துப் பாருங்கள். பளிச்சென்று திருப்பி அடிக்காவிட்டால் அது சாதாரணப் பெயிண்ட். மழையில் வழுக்கும், சில மாதத்தில் மங்கும்.

லோங்காங், விளக்கு, குறுக்குப் பாதை

தோட்டப்புற ஊர்களில் ரோட்டோரம் நேரே ஆழமான திறந்த லோங்காங்காக இருக்கும். நடக்க இடமே இராது. எதிரே லோரி வந்தால் ஒதுங்க வழியில்லை. முழு நீளத்துக்கும் மூடி கேட்டால் செலவுக்குப் பயந்து முழுதையும் தள்ளிப் போடுவார்கள். ஆகவே வளைவின் வெளிப்புறம், பள்ளிக்கும் பஸ் நிறுத்தத்துக்கும் இடைப்பட்ட துண்டு, வீட்டு வாசல்கள் என்று முன்னுரிமை போட்டுக் கேளுங்கள். இரும்புக் கம்பி மூடிகளைத் திருடிக்கொண்டு போய்விடுகிறார்கள், கான்கிரீட் பலகை கேட்பது நல்லது. 60 செ.மீ. நீள அகலமும் 10 செ.மீ. தடிமனும் உள்ள பலகை ஏறக்குறைய 86 கிலோ வரும். தூக்க இரு துளையோ கொக்கியோ இல்லாவிட்டால் சுத்தம் செய்ய வந்தவர்கள் உடைத்துத்தான் எடுப்பார்கள், பிறகு அந்த ஓட்டை அப்படியே கிடக்கும். 30 செ.மீ. அகலத் துண்டுகளாக இருந்தால் ஒன்று 43 கிலோதான். கம்பி மூடி தவிர்க்க முடியாத இடத்தில் கம்பிகள் வண்டி போகும் திசைக்குக் குறுக்காக இருக்க வேண்டும். நீளவாக்கில் இருந்தால் சைக்கிள் சக்கரம் உள்ளே இறங்கிவிடும்.

நடைபாதைக்கு இடம் கிடைக்கும் இடத்தில் குறைந்தது 1.5 மீட்டர் சுத்தமான அகலம் கேளுங்கள். மின்கம்பமும் பலகையும் அந்த அகலத்துக்குள் வரக்கூடாது. சரிவு மேடை 12-க்கு 1, அதாவது 10 செ.மீ. ஏற 1.2 மீட்டர் நீளம். மாற்றுத்திறனாளிகளுக்கான மலேசியத் தரநிலை எம்.எஸ். 1184-ஐக் கடிதத்தில் குறிப்பிடலாம்.

தெருவிளக்கு எரியவில்லை என்றால் கம்ப எண்ணோடு மின்சார நிறுவனமான டெனாகாவின் 15454 எண்ணுக்குப் புகார் கொடுக்கலாம். புது விளக்கு வேண்டுமென்றால் ரோட்டுக்காரரிடம் கேட்க வேண்டும், மாதாமாதம் மின்கட்டணம் கட்டப்போவது அவர்தான். அதற்கு முன் ஒன்று பாருங்கள்: பல இடத்தில் விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், மரக்கிளை மறைத்திருக்கும். கிளையை வெட்டக் கேட்பது புது விளக்கு கேட்பதைவிடப் பல மடங்கு வேகமாக நடக்கும். மின்கம்பியை ஒட்டிய கிளையை மட்டும் நீங்கள் தொடாதீர்கள்.

லயத்துக்கும் பள்ளிக்கும், தாமானுக்கும் கோயிலுக்கும் நடுவே ஓர் ஒற்றையடிப் பாதை கட்டாயம் இருக்கும். பிள்ளைகளும் பெண்களும் அதிகம் போவது அதில்தான், எந்த வரைபடத்திலும் அது இருக்காது. செம்பனை ஓரம் எலி இருக்கும், எலி இருந்தால் பாம்பு வரும். பாதையின் இரு பக்கமும் 1 மீட்டருக்குப் புல்லைத் தரையோடு வெட்டி வைக்க வேண்டும். கிளைகள் 2 மீட்டருக்குக் கீழே தொங்கக்கூடாது. எதிரே நிற்பவர் முகம் தூரத்திலேயே தெரிய வேண்டும், அதுதான் பெண்களுக்குப் பாதுகாப்பு. ஓடையைக் கடக்கும் பலகைப் பாலம் ஒற்றைப் பலகையாக இருந்தால் உடனே மாற்றுங்கள்: 1.2 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரக் கைப்பிடி, பலகை மேல் கோழி வலைக் கம்பியை இழுத்து ஆணியடித்தால் மழையில் வழுக்காது. மோட்டாரைத் தடுக்க இடுக்கான கம்பித் தடுப்பு வைக்கும் பழக்கம் உண்டு. மோட்டார் எப்படியும் நுழையும், சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும்தான் நின்றுவிடும். அது வேண்டாம்.

தோட்ட ரோடு என்றால்

கம்பெனி ரோட்டில் ஊராட்சி மன்றம் தலையிடாது. ஆனால் தோட்டம் ஒரு வேலையிடம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டப்படி (சட்டம் 514) நாற்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு இருக்க வேண்டும். அது மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது கூட வேண்டும், அதில் தொழிலாளர் பிரதிநிதிகள் இருப்பார்கள். ரோட்டுப் பிரச்சனையை மேனேஜரிடம் வாயால் சொல்வதோடு விடாமல், அந்தக் குழுவின் கூட்டக் குறிப்பில் ஏற வையுங்கள். குறிப்பில் ஏறினால் அடுத்த கூட்டத்தில் "என்ன ஆயிற்று?" என்று கேட்க முடியும். இன்னொரு பிடியும் உண்டு. 2020-இலிருந்து கட்டாயமாக்கப்பட்ட எம்.எஸ்.பி.ஓ. என்ற மலேசிய நீடித்த செம்பனை எண்ணெய்ச் சான்றிதழுக்குப் புகார்களைப் பெற்றுத் தீர்க்கும் முறையான ஏற்பாடு தேவை. தணிக்கையாளர் வந்தால் புகார்ப் பதிவேட்டைப் பார்ப்பார். உங்கள் புகார் அதில் எழுத்தில் இருக்கட்டும்.

தோட்டத்திடம் கேட்க வேண்டியவை மன்றத்திடம் கேட்பதைவிட மலிவானவை, சீக்கிரம் நடப்பவை. காலை 6.30 முதல் 7.30 வரை குலை லோரி லயத்து ரோட்டில் ஓடாமல் இருப்பது. லோரி மேல் வலை போடுவது. வளைவில் சிதறும் உதிரிப் பழம் நசுங்கினால் மோட்டார் சறுக்க அது போதும். செம்மண் ரோட்டுக்குக் கிரேடர் வரும்போது நடு உயரமாகவும் இரு ஓரமும் சரிவாகவும், மீட்டருக்கு 4–5 செ.மீ. இறக்கத்தில் இழுப்பது. நடுப்பள்ளமாக விட்டால் அடுத்த மழையிலேயே ரோடு ஓடையாகிவிடும். மேயும் மாடுகள் இருந்தால் சொந்தக்காரர்களிடம் சொல்லிக் கழுத்தில் பிரதிபலிப்புப் பட்டை கட்ட வையுங்கள்.

கடிதமும் அதற்குப் பிறகும்

கடிதம் மலாயில் இருக்கட்டும், ஒரு பக்கத்தைத் தாண்டக்கூடாது. ஒரு கடிதத்துக்கு ஓர் இடம். பத்துக் குறையை ஒன்றாக எழுதினால் சுலபமான ஒன்றைச் செய்துவிட்டு ஃபைலை மூடிவிடுவார்கள். தலைப்பில் ரோட்டின் பெயர், கம்ப எண், வேண்டிய வேலை. உடலில் யார் எத்தனை பேர் எந்த நேரத்தில் கடக்கிறார்கள், 85-ஆவது வண்டியின் வேகம், ஓராண்டில் நடந்தவை. கடைசியில் என்ன கேட்கிறீர்கள் என்பது. இரண்டு தேர்வு கொடுங்கள், ஒன்று நிரந்தர வேலை, மற்றொன்று அதுவரை செய்யக்கூடிய மலிவு வேலை. இணைப்பாகக் கையால் வரைந்த வரைபடம், நான்கு படம், வேக அட்டவணை, பெயரும் வீட்டு முகவரியும் கையெழுத்தும் உள்ள பட்டியல். அடையாள அட்டை எண்ணைச் சேர்க்காதீர்கள், அது எங்கெங்கோ சுற்றும்.

பொறியியல் பிரிவுக்கு மூலம். நகல் வட்டார மன்ற உறுப்பினர், சட்டமன்ற உறுப்பினர், மாவட்டப் போலீஸின் போக்குவரத்துப் பிரிவு, பள்ளித் தலைமையாசிரியர், பெற்றோர் ஆசிரியர் சங்கம். இரண்டு பிரதி கொண்டுபோய், உங்களிடம் இருக்கும் பிரதியில் தேதியோடு 'சொப் தெரிமா', அதாவது பெற்றுக்கொண்டதற்கான முத்திரை, குத்தி வாங்குங்கள். அந்த நீல முத்திரை இல்லாத கடிதம் கொடுக்காத கடிதம்தான். வாட்ஸ்அப்பில் உறுப்பினருக்கு அனுப்பியது இதற்கு ஈடாகாது. குழி மாதிரிச் சின்னப் பழுதுக்குப் பொதுப்பணி அமைச்சு 2023-இல் வெளியிட்ட 'மைஜாலான்' செயலியில் படத்தோடு போட்டால் போதும், புகார் எண்ணை எடுத்து வையுங்கள்.

காலம் முக்கியம். ஊராட்சி மன்றங்களின் கணக்கு ஆண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை, அடுத்த ஆண்டு பட்ஜெட் அதற்கு முன்பே முடிவாகிவிடும். மேடை, விளக்கு, நடைபாதை மாதிரி பணம் தேவைப்படும் கோரிக்கை ஆண்டின் நடுவிலேயே மேசைக்குப் போக வேண்டும். நவம்பரில் கொடுத்தால் "பெருந்துக்கான் (நிதி ஒதுக்கீடு) இல்லை" என்ற பதில்தான். கோடு போடுவது, கிளை வெட்டுவது, பலகை வைப்பது பராமரிப்புக் காசில் நடக்கும், எப்போது வேண்டுமானாலும் கேட்கலாம்.

இரண்டு வாரத்தில் ஒரு போன், ஒரு மாதத்தில் நேரில். போகும்போது "எப்போது இடத்தைப் பார்க்க வருவீர்கள்?" என்று மட்டும் கேளுங்கள். இன்ஜினியர் இடத்துக்கு வருவதுதான் உண்மையான தொடக்கம். அவரைக் காலை 6.45-க்கு வரச் சொல்லுங்கள். பத்து மணி வெயிலில், காலி ரோட்டில் நின்று பார்த்தால் யாருக்கும் பிரச்சனை தெரியாது. இருட்டில் பை சுமந்த பிள்ளைகள் லோரி விளக்குக்கு முன்னால் ஒதுங்குவதை அவர் ஒரு முறை பார்த்துவிட்டால் உங்கள் அட்டவணைக்கு உயிர் வந்துவிடும்.

காத்திருக்கும் நாட்களில் ஊர் செய்யக்கூடியது நிறைய. கோத்தோங்-ரோயோங்கில் (ஊர் கூடிச் செய்யும் வேலையில்) புல் வெட்டுவது, லோங்காங் தூர் வாருவது, பள்ளிப் பைகளின் முதுகிலும் தோள்பட்டையிலும் 5 செ.மீ. பிரதிபலிப்பு நாடா தைப்பது, பிள்ளைகளைக் கூட்டமாக ஒரே வழியில் ஒரு பெரியவரோடு அனுப்புவது. ரோட்டில் கோடு வரைவது, மின்கம்பத்தில் ஆணியடித்துப் பலகை மாட்டுவது, சொந்தச் செலவில் குவியாடி நடுவது ஆகியவை அனுமதி இல்லாமல் கூடாது. குவியாடியில் வண்டி உண்மையைவிடத் தூரத்தில் இருப்பதாகத் தெரியும், அதிகாலையில் பனி படிந்து ஒன்றும் தெரியாமலும் போகும். மூலையை வெட்டித் திறக்க முடியாதபோது மட்டும் அதைக் கேளுங்கள்.

வேலை முடிந்து ஒரு மாதம் கழித்து அதே இடத்தில், அதே நேரத்தில், மறுபடி 100 வண்டியை அளக்கவும். வேகம் இறங்கியிருந்தால் அந்த அட்டவணையை நன்றிக் கடிதத்தோடு மன்றத்துக்கு அனுப்புங்கள், அடுத்த இடத்துக்கான கோரிக்கையையும் அதே உறையில் வையுங்கள். இறங்கவில்லையென்றால் அந்த எண்ணே அடுத்த கடிதத்தின் முதல் வரி. முத்திரை குத்திய பிரதிகள், அட்டவணைகள், படங்கள் எல்லாம் ஒரே கோப்பில் இருக்கட்டும்; அந்தக் கோப்பு ஊர்ச் சங்கச் செயலாளரிடமும், அதன் நகல் ஒன்று பள்ளியிலும் இருக்கட்டும். பொறுப்பாளர் மாறும் ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் புத்தகத்தோடு அந்தக் கோப்பையும் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள்.